கணக்குத் தாளும் புத்தகப் பையும்

(பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டம் ஒன்றில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் வணக்கம். மைக் கொஞ்சம் இரைகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

2024 பிப்ரவரி 8 அன்று சென்னையில் 13 தனியார் பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பிள்ளையை வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்றதும் பெற்றோர்கள் போட்டது போட்டபடி ஓடினார்கள். வெடிகுண்டு நிபுணர்கள் வந்தார்கள், மோப்ப நாய் வந்தது. கடைசியில் புரளி. அதற்கு இரண்டு மாதம் முன்னால் பெங்களூருவில் நாற்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு இதே கதை. 2024 மே மாதம் டெல்லியிலும் சுற்றுவட்டாரத்திலும் நூற்றுக்கும் மேல். இந்த விஷயத்தில் போலீஸை நான் குறை சொல்ல மாட்டேன். புரளி என்று தோன்றினாலும் தேடித்தான் பார்க்க வேண்டும். டெல்லி உயர் நீதிமன்றமும் 2024 நவம்பரில், இதற்கென்று முறையான நடைமுறையை எட்டு வாரத்துக்குள் வகுக்கச் சொன்னது. சரி, நல்லது.

நான் பேச வந்தது வேறு. ஆள் யாரென்றே தெரியாத மிரட்டலுக்கு நாய் வரைக்கும் வருகிறது. ஆள் தெரிந்த மிரட்டலுக்கு, அவன் நம் வகுப்பிலேயே மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தால், யார் வருகிறார்கள்?

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் ஆக்ஸ்ஃபோர்டு என்று ஒரு சிற்றூர். (இங்கிலாந்தில் இருப்பது வேறு.) அங்கே உள்ள உயர்நிலைப் பள்ளியில், 2021 நவம்பர் 29 அன்று 15 வயது மாணவன் ஒருவன் வகுப்பில் செல்போனில் தோட்டாக்களைத் தேடிக்கொண்டிருந்ததை ஓர் ஆசிரியை பார்த்தார். பள்ளி அம்மாவுக்குத் தகவல் சொன்னது. அந்த அம்மா மகனுக்கு அனுப்பிய செய்தி, ‘எனக்குக் கோபமில்லை, மாட்டிக்கொள்ளாமல் இருக்கக் கற்றுக்கொள்’ என்ற தொனியில் இருந்தது.

மறுநாள் காலை இன்னோர் ஆசிரியை அவனுடைய கணக்குத் தாளைப் பார்த்தார். வடிவியல் கணக்குகளுக்கு நடுவே ஒரு துப்பாக்கி, ஒரு தோட்டா, ரத்தம் வழிய ஓர் உருவம். பக்கத்தில், எண்ணங்கள் ஓய மாட்டேன் என்கின்றன, எனக்கு உதவுங்கள் என்று எழுதியிருந்தான். அந்த ஆசிரியை செய்ததை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். உடனே மேலே தெரிவித்தார். பையனை ஆலோசகர் அறைக்கு அழைத்துப் போனார்கள். அவன் பையும் கூடவே போனது. அப்பா அம்மாவை வரவழைத்தார்கள். 48 மணி நேரத்துக்குள் மனநல ஆலோசனைக்குக் கூட்டிப்போங்கள் என்றார்கள். இன்றைக்கே வீட்டுக்குக் கூட்டிப்போகிறீர்களா என்று கேட்டதற்கு, வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டார்கள். நான்கு நாள் முன்பு அப்பா அவனுக்கென்று துப்பாக்கி வாங்கியதைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை. பையனை வகுப்புக்கே திருப்பி அனுப்பினார்கள். அந்தப் பையை ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. தலைமையாசிரியருக்குச் சொல்லவில்லை, போலீஸுக்கும் சொல்லவில்லை. பிற்பகல் ஒரு மணி ஆவதற்குள் சுட ஆரம்பித்துவிட்டான். நான்கு மாணவர்கள் இறந்தார்கள்.

பெற்றோர் வந்து போனதற்கும் முதல் குண்டுக்கும் இடையில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் இருந்தது. பள்ளிக்கு எதுவும் தெரியாமலா இருந்தது? தாள் மேசை மேல் கிடந்தது. தெரிந்துகொண்டதையே செய்து முடித்ததாக எடுத்துக்கொண்டார்கள். 2024இல் அந்த அப்பா அம்மா இருவருக்கும் பத்து முதல் பதினைந்து ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது.

இதில் வேதனை, இதற்கான வழிமுறை அந்த நாட்டில் ஏற்கெனவே இருந்தது என்பதுதான். 1999இல் கொலம்பைன் பள்ளிப் படுகொலைக்குப் பிறகு, அதிபரின் பாதுகாப்பைக் கவனிக்கும் சீக்ரெட் சர்வீஸும் கல்வித் துறையும் சேர்ந்து 37 பள்ளித் தாக்குதல்களை ஆராய்ந்து 2002இல் அறிக்கை கொடுத்தன. தாக்கியவர்களில் பெரும்பாலோர் தாக்கப்போகும் ஆளை முன்கூட்டி மிரட்டவில்லை. ஆனால் பத்தில் எட்டுக்குக் குறையாமல், யாரோ ஒருவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. பெரும்பாலும் கூடப் படிக்கும் பிள்ளைக்கு. அதனால் அவர்கள் கேள்வியை இரண்டாகப் பிரித்தார்கள். மிரட்டினானா என்பது ஒன்று. அவனால் ஆபத்து இருக்கிறதா என்பது இன்னொன்று. ‘கொன்னுடுவேன்’ என்று கபடி ஆடும்போது கத்துகிறவன் பத்து நிமிஷத்தில் தோளில் கை போட்டுக்கொண்டு போவான். வாயே திறக்காதவன் கணக்குத் தாளில் வரைவான். வர்ஜீனியா மாநிலம் 2013இல், பள்ளி நிர்வாகம், ஆலோசகர், போலீஸ் எல்லாரும் ஒரே குழுவாக உட்கார்ந்து இதைப் பார்க்க வேண்டும் என்று சட்டமே போட்டது.

அது துப்பாக்கி விற்கும் ஊர், நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். நமக்கு அரிவாள் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் என்ன நடந்தது? சாதியின் பெயரால் சக மாணவர்கள் படுத்திய பாடு தாங்காமல் ஒரு பட்டியல் சாதி மாணவன் பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிட்டான். ஏன் வரவில்லை என்று விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது, பள்ளியில் புகாரும் ஆனது. அன்று இரவு வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. புகாரை வாங்கினோம், விசாரித்தோம், எல்லாம் சரி. சொன்ன பிள்ளை அன்று ராத்திரி எங்கே படுப்பான் என்று யோசிப்பது யார் வேலை? அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, மாணவர் எண்ணிக்கை அதிகமுள்ள பள்ளிகளில் நல அலுவலர் ஒருவர் வேண்டும் என்று 2024 ஜூனில் பரிந்துரைத்தது. அவர் வரும் வரை அந்த வேலை வகுப்பாசிரியர் தலையில்தான்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்லி உட்கார்ந்துவிடுகிறேன். வேலையில் இருந்தபோது, ஒரு மத்தியானம் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் ஸ்டாஃப் ரூம் வாசலில் கதவைச் சுரண்டிக்கொண்டு நின்றான். ‘சார், சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுல ஒருத்தன அடிக்கப் போறாங்க. பைக்குள்ள சைக்கிள் செயின் வச்சிருக்காங்க. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க சார்.’ பையைத் திறந்தோம், செயின் இருந்தது. இரண்டு தரப்பையும் உட்காரவைத்துப் பேசினோம். பழக்கமான ஏட்டு ஒருவர் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் சும்மா வந்து நின்றார். யாருக்கும் கீறல்கூட விழவில்லை. எனக்கு ஒரே பெருமை.

மறுநாள் காலை பிரேயரில் தலைமையாசிரியர் அந்தப் பையனைப் பெயர் சொல்லி மேடைக்கு அழைத்துக் கைதட்டச் சொன்னார். நல்ல எண்ணத்தில்தான். பையன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அந்த மாதமே அவன் அப்பா வந்து டி.சி. வாங்கிக்கொண்டு போனார். அதற்கப்புறம் நான் ஓய்வு பெறும் வரை அந்தக் கதவருகே அப்படி ஒரு பிள்ளையும் வந்து நிற்கவில்லை.