கமராவுக்குப் "போல" தெரியாது

நேயர்களுக்கு வணக்கம்.

"அவளின் மனம் வான் பாயும் குளம்போல் ஆனது." குறும்படம் எடுக்க நினைக்கும் பிள்ளைகள் எழுதும் திரைக்கதைகளில் இப்படி ஒரு வரி எங்காவது கிடக்கும். வன்னியில் பிறந்த பிள்ளை எழுதுவதால் குளம் வருகிறது, குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியேறும் வான் வருகிறது. அது எனக்குச் சந்தோஷம். ஆனால் படம் பிடிக்கும்போது என்ன நடக்கிறது? ட்ரோன் கமராவைத் தூக்கிக்கொண்டு இரணைமடுக் குளத்துக்குப் போகிறார்கள். வான்கதவால் தண்ணீர் நுரைத்துப் பாய்வதை மேலே நின்று எடுக்கிறார்கள். அதற்குப் பக்கத்தில் அந்தப் பெண்ணின் முகத்தை ஒட்டிவிடுகிறார்கள். பார்க்கிறவர், "அட, இந்தமுறை குளம் நிரம்பிவிட்டதே, சிறுபோக நெல்லுக்குக் கவலையில்லை" என்று நினைப்பார். அவளின் மனம் அவருக்கு வந்து சேராது.

குற்றம் அந்த வரியில் இல்லை. கவிதையில் "போல" இருக்கிறது, கமராவிடம் அது இல்லை. கமரா குளத்தைக் காட்டினால் அது குளம்தான். அப்படியென்றால் உவமையை என்ன செய்வது? இதற்கு எனக்குக் கைகொடுப்பது தொல்காப்பியம். உவமவியலின் முதல் நூற்பா, உவமை நான்கு வழியாகப் பிறக்கும் என்கிறது: "வினை, பயன், மெய், உரு என்ற நான்கே." வினை என்றால் ஒன்று செய்யும் செயல். பயன் என்றால் அதனால் விளைவது. மெய் வடிவம், உரு நிறம். திரைக்கதை எழுதுகிறவர் இந்த நான்கையும் மேசைக்கு முன்னால் எழுதி ஒட்டிவைக்கலாம்.

முகம் நிலவு, பல் முத்து என்பவை மெய்யும் உருவும் சார்ந்தவை. இவற்றை அப்படியே படமாக்கினால் நிலவு நிலவாக நிற்கும், முகம் முகமாக நிற்கும், இரண்டும் ஒட்டாது. வினையும் பயனும் வேறு வகை. அங்கே ஏதோ ஒன்று நடக்கிறது. நடப்பதை எடுக்கத்தானே கமரா இருக்கிறது. ஆகவே உவமைக்குள் இருக்கும் வினையைத் தேடிப் பிடியுங்கள். பிறகு அதே வினை எங்கள் ஊரில், எங்கள் ஆட்களுக்கு, எந்த நேரத்தில் நடக்கிறது என்று பாருங்கள்.

குறுந்தொகையின் 58ஆவது பாடலை எடுக்கிறேன். வெள்ளிவீதியார் பாடியது. காதலில் தவிக்கும் ஒருவன், தன்னைக் கண்டிக்கும் நண்பனுக்குச் சொல்கிறான்: "ஞாயிறு காயும் வெவ்வறை மருங்கில் கையில் ஊமன் கண்ணின் காக்கும் வெண்ணெய் உணங்கல் போலப் பரந்தன்று இந்நோய்." வெயில் எரிக்கும் பாறையில் வெண்ணெய். அதற்குக் காவல் இருப்பவனுக்குக் கையும் இல்லை, பேச்சும் இல்லை. கண் மட்டும்தான். வெண்ணெய் உருகிப் பரவுகிறது.

எவ்வளவு பெரிய திரைக்கதை ஆசிரியர் அந்த அம்மா! இடம், நேரம், ஆள், அவன் இக்கட்டு எல்லாவற்றையும் இந்தச் சில வரியில் தந்துவிட்டார். ஆனாலும் இன்றைய படத்தில் பாறையில் வெண்ணெய் வைத்து எடுத்தால் அது பொருட்காட்சி ஆகிவிடும். உள்ளே இருக்கும் வினை என்ன? கண்முன்னே ஒன்று கெட்டுப்போகிறது, பார்க்கிறவனால் தடுக்கவும் முடியாது, ஆளைக் கூப்பிடவும் முடியாது. இது வன்னியில் எங்கே நடக்கும்?

அரிவு வெட்டு முடிந்த நாட்களில் தார் வீதியின் ஒரு பாதியில் படங்கு விரித்து நெல் காயப்போட்டிருப்பார்கள். வாகனம் ஏறாமல் ஓரத்தில் கல்லும் தடியும் வைத்திருக்கும். வீட்டு விறாந்தையில் ஒரு கதிரை, அதில் பாரிசவாதத்தில் ஒரு பக்கம் விழுந்து பேச்சும் போன ஒரு அப்பு. மகள் காலால் நெல்லைக் கிண்டிவிட்டு, "கடைக்குப் போட்டு வாறன் அப்பு, கோழியைப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டுப் போகிறாள். முதலில் கோழி வரட்டும். ஒன்று வருகிறது, பிறகு இரண்டு. அப்புவின் நல்ல கை கதிரைப் பிடியைத் தட்டுகிறது. கோழி நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் கொத்துகிறது. சின்ன இழப்பு முதலில் வந்தால்தான் பெரிய இழப்பு உறைக்கும்.

பிறகு வெளிச்சம் மங்குகிறது. வானத்தைக் காட்ட வேண்டாம், அப்புவின் முகத்தில் வெளிச்சம் குறைந்தால் போதும். முதல் துளி நெல்லில் விழக்கூடாது, தாரில் விழவேண்டும். காய்ந்த தாரில் காசளவு ஒரு கறுப்புப் பொட்டு. இன்னொன்று. அப்புறம் நெல்லில். பொன் நிறம் இருண்டு மண்ணிறமாகிறது. வீதியால் ஒரு மோட்டார் சைக்கிள் வருகிறது, அப்பு வாயைத் திறக்கிறார், வந்த சத்தம் எஞ்சின் சத்தத்தோடு போய்விடுகிறது. இவ்வளவும் போதும். அடைமழையைக் காட்டினால் பார்க்கிறவர் மழையில் நனையத் தொடங்கிவிடுவார், அப்புவை மறந்துவிடுவார்.

"சரி, இதில் காதல் எங்கே?" என்று கேட்பீர்கள். அது இந்தக் காட்சியை எங்கே வைக்கிறோம் என்பதில் இருக்கிறது. இதற்கு முந்திய காட்சியில் அந்த வீட்டுப் பேரனை நண்பன் கண்டித்துப் பேசிக்கொண்டிருக்கிறான்: "அவள் கனடாவுக்குப் போகப்போறாள், நீ இன்னும் வாய் திறக்காமல் இருக்கிறாய்." பேரன் பதில் சொல்லவில்லை. அதற்கு அடுத்து அப்புவும் நெல்லும். முடிவில் பேரன் ஓடிவந்து, எதுவும் பேசாமல் படங்கின் நாலு மூலையையும் இழுத்துச் சேர்க்கிறான். பார்க்கிறவர் தானே முடிச்சுப் போட்டுக்கொள்வார். ரஷ்யாவில் திரைப்பட இயக்குநர் லெவ் குலெஷோவ் செய்துகாட்டியது இதைத்தான். ஒரே முகத்தைச் சூப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தால் பசி, சவப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் துக்கம்.

இந்த ஒட்டும் கலையில் பெரிய கைகள் உண்டு. 1925இல் ரஷ்ய இயக்குநர் ஐசன்ஸ்டைன் "வேலைநிறுத்தம்" படத்தில் தொழிலாளர் சுடப்படுவதையும் மாடு அறுக்கப்படுவதையும் மாறி மாறிக் காட்டினார். 1936இல் சாப்ளின் "மாடர்ன் டைம்ஸ்" படத்தைச் செம்மறி மந்தையோடு தொடங்கி, உடனே வேலைக்குப் போகும் சனக்கூட்டத்துக்குத் தாவினார். இரண்டும் வலுவானவை, மறுக்கமாட்டேன். ஆனால் அந்த மாடும் மந்தையும் கதை நடக்கும் இடத்துக்கு வெளியே இருந்து வருபவை. எங்கள் மரபு வேறு வழியில் போனது, எனக்குப் பிடித்த வழியும் அதுதான்.

அது உள்ளுறை உவமம், சொல்லவேண்டியதை ஊர்க்காட்சிக்குள்ளேயே மறைத்துவைப்பது. குறுந்தொகை 8ஆவது பாடலில் வயலோர மாமரத்துப் பழம் முற்றித் தானே விழுகிறது, குளத்து வாளை மீன் அதைக் கவ்வுகிறது. அப்படிப்பட்ட ஊர்க்காரன் அவன் என்கிறாள் பரத்தை. "அவன் தானாகத்தான் வந்து விழுந்தான், நான் இழுக்கவில்லை" என்று அவள் வாயால் சொல்லவே இல்லை. மரமும் மீனும் அவனுடைய ஊரிலேயே இருக்கின்றன, "போல" என்ற சொல்லும் இல்லை. கமராவுக்கென்றே எழுதிய மாதிரி இருக்கிறது. அதே பாட்டின் அடுத்த பாதியில் அவன் எங்கள் வீட்டில் பெரும்பேச்சுப் பேசினான், தன் வீட்டில் மகனின் தாய்க்கு, நாம் கைகால் தூக்கத் தானும் தூக்கும் கண்ணாடிப் பாவை மாதிரி ஆடுகிறான் என்கிறாள். இதற்குக் கண்ணாடி தேவையே இல்லை. மனைவி நெல்மூட்டையின் ஒரு முனையைத் தூக்குகிறாள், அவன் மறுமுனையைத் தூக்குகிறான். அவள் இருக்க அவனும் இருக்கிறான், அவள் எழும்ப அவனும் எழும்புகிறான். இந்தக் காட்சிக்கு முன்னால் இன்னொரு வீட்டில் அவன் நெஞ்சை நிமிர்த்திப் பேசியதை வைத்தால் வேலை முடிந்தது.

இனி, மனவருத்தத்தோடு ஒன்று சொல்கிறேன். போரைப் பற்றி எங்கள் பிள்ளைகள் எடுக்கும் படங்களில் தலையிழந்த பனை வராத படம் குறைவு. கீழே நின்று மேலே பார்க்கும் கமரா, பின்னால் வெறும் வானம், ஒரு புல்லாங்குழல். அந்தப் பனையின் பின்னால் இருக்கும் வலி உண்மையானது, எனக்கும் அது வலிதான். ஆனால் அங்கே வடிவம் மட்டும் நிற்கிறது, செயல் இல்லை. கொஞ்ச நேரம் அந்தப் பனைக்குக் கீழே இருந்து பாருங்கள். பட்ட பனையின் பொந்தில் கிளி குடியிருக்கும். தாய்க்கிளி பொந்து வாயில் தொங்கி, உள்ளே தலையை விட்டுக் குஞ்சுக்கு ஊட்டும். அந்த மரத்தைத் தறித்து வீட்டுக் கூரை வளைக்குப் போடுவதா, இன்னொரு வருசம் விடுவதா என்று கீழே ஒரு குடும்பம் யோசிக்கிறது. இப்போது பனையைச் சுற்றி ஆட்கள் இருக்கிறார்கள், தீர்மானம் இருக்கிறது, படம் இருக்கிறது.

வானொலியில் இருந்துகொண்டு ஒலியைப் பற்றிச் சொல்லாமல் போகக்கூடாது. "பயம் இருளாய்ச் சூழ்ந்தது" என்று எழுதியிருந்தால் இருளை எடுக்கப் போகவேண்டாம். வீட்டுக்குள் விளக்கு எரியட்டும், பெண் சோறு போட்டுக்கொண்டிருக்கட்டும். வெளியே தூரத்தில் ஆட்காட்டிக் குருவி கத்துகிறது. அவள் கை நிற்கிறது. இன்னும் கிட்டவாகக் கத்துகிறது. ஆட்காட்டி கத்தினால் ஆளோ மிருகமோ நடமாடுகிறது என்பது வன்னியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வேறு ஊர்க்காரருக்கு அவள் கை நின்றதே சொல்லிவிடும்.

எல்லா உவமையும் இப்படி இடம்மாறும் என்று நான் சொல்லவரவில்லை. "நிலத்தினும் பெரிதே, வானினும் உயர்ந்தன்று" என்று காதலைச் சொல்வதும் குறுந்தொகைதான். அதில் செயல் எதுவும் நடக்கவில்லை, அளவு மட்டும்தான். அதை எடுக்க எவ்வளவு உயரத்துக்கு ட்ரோனை ஏற்றினாலும் பயனில்லை. அதை ஒரு பாத்திரத்தின் வாயில் வையுங்கள், அல்லது பாட்டுக்கு விடுங்கள்.

இப்போது திரைக்கதை எழுதிக்கொண்டிருக்கும் தம்பி தங்கையருக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் பிரதியில் "போல", "மாதிரி", "ஆனது" என்று வரும் வரிகளுக்கெல்லாம் பென்சிலால் கோடிடுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் யார், எங்கே, கையில் என்ன, என்ன செய்கிறார் என்று எழுதுங்கள். வான் பாயும் குளத்தையும் விட்டுவிடாதீர்கள். வான் பாய்ந்தால் கீழ்ப்பக்க வீடுகளில் ஆட்கள் சாமான்களை மேலே ஏற்றுவார்கள். அந்தப் பெண் எதை முதலில் ஏற்றுகிறாள், எதைத் தண்ணீருக்கு விடுகிறாள் என்பதிலிருந்து எழுதத் தொடங்குங்கள்.

நன்றி, வணக்கம்.