ஒரே சிம்பொனி, இரண்டு வானொலிகள்: 1942-இல் கேட்டவர்கள் கேட்டது என்ன?

(கருந்திரை. மெட்ரோனோமின் ஓசை மட்டும், மெதுவாக.)

இசை பயில்வோர் காலப்பிரமாணம் பிசகாமல் இருக்க வைத்துக்கொள்ளும் மெட்ரோனோமின் ஓசையைத்தான் இப்போது கேட்கிறீர்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியப் படைகள் முற்றுகையிட்டிருந்த, சோவியத் ஒன்றியத்தின் லெனின்கிராட் நகரில், வானொலியில் வேறு நிகழ்ச்சி இல்லாத நேரங்களிலெல்லாம் இந்த ஓசையே ஒலித்தது. மெதுவாக அடித்தால் ஆபத்து இல்லை. விரைந்து அடித்தால் தாக்குதல் வருகிறது, பதுங்குமிடத்துக்கு ஓட வேண்டும்.

(திரையில்: சுவரில் மாட்டிய, தட்டு வடிவக் கறுப்பு ஒலிபெருக்கி.)

அந்த வானொலியை நம் வீட்டு வானொலிப் பெட்டியைப் போல எண்ணிவிடக் கூடாது. போர் தொடங்கிய சில நாட்களிலேயே, 1941 ஜூனில், பொதுமக்கள் தங்கள் வானொலிப் பெட்டிகளை அரசிடம் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. வீடுகளில் மிஞ்சியது கம்பி வழியே ஒலி வரும் இந்தக் காகிதத் தட்டு மட்டுமே. அலைவரிசையை மாற்ற இதில் திருகு கிடையாது. வருவதைக் கேட்கலாம், அவ்வளவுதான். 1942 ஜனவரியில், மின்சாரம் இல்லாமல் அது பல இடங்களில் ஊமையானபோது, பசியால் நடக்கவே முடியாதிருந்த சிலர் வானொலி நிலையம் வரை வந்து, எதையாவது பேசச் சொல்லிக் கேட்டார்கள் என்று அங்கே பணியாற்றியவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

இந்த வானொலிக்கென்று ஓர் இசைக்குழு இருந்தது; அதன் நடத்துநர் கார்ல் எலியாஸ்பெர்க். நகரின் புகழ்பெற்ற பில்ஹார்மோனிக் குழு நோவோசிபிர்ஸ்குக்கு அனுப்பப்பட்டுவிட்டதால், சோவியத் இசையமைப்பாளர் டிமித்ரி ஷோஸ்டகோவிச்சின் ஏழாம் சிம்பொனியை அந்நகரிலேயே வாசிக்கும் பொறுப்பு இவர்கள் மேல் விழுந்தது. எட்டு கொம்புகள், ஆறு டிரம்பெட்டுகள், ஆறு டிராம்போன்கள் கேட்கும் படைப்பு அது. ஏறத்தாழ 75 நிமிடம் நீளும். ஆனால் குழுவில் வாசிக்கும் நிலையில் இருந்தவர்கள் ஏறக்குறைய பதினைந்து பேர். ஊதுகருவிக் கலைஞர்களுக்கு ஊத மூச்சே போதாததால், முதல் ஒத்திகை சில நிமிடங்களிலேயே முடிந்தது. பின்னர் ராணுவ வாத்தியக் குழுக்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள்; கலைஞர்களுக்குக் கூடுதல் ரேஷனும் கிடைத்தது.

(திரையில்: விளக்குகள் எரியும் அரங்கம். 9 ஆகஸ்ட் 1942.)

அன்று மாலை கச்சேரி நடக்கும் நேரத்தில் ஜெர்மானியப் பீரங்கிகள் வாயைத் திறக்காதபடி, சோவியத் ஜெனரல் கோவோரோவின் படை முன்கூட்டியே அவற்றின் மீது குண்டு மழை பொழிந்தது. அரங்கம் நிரம்பியிருந்தது. நகரமோ காகிதத் தட்டுகளின் வழியே கேட்டது, தெருவோர ஒலிபெருக்கிகளின் கீழே நின்றும் கேட்டது. எதிரியின் அகழிகளை நோக்கியும் ஒலிபெருக்கிகள் திருப்பப்பட்டிருந்தன. அதைக் கேட்ட ஜெர்மானியர் சிலர், போர் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு எலியாஸ்பெர்கைச் சந்தித்து, இந்த நகரத்தை எங்களால் பிடிக்க முடியாது என்பது அன்றே தெரிந்துவிட்டது என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. சொல்லச் சொல்ல மெருகேறும் வகைக் கதை என்பதால், அதை முழுப் பாரமும் தாங்கும் சான்றாக நான் வைக்கமாட்டேன். அரங்கில் பலர் அழுதார்கள் என்பதையும், முடிந்ததும் ஒரு சிறுமி எலியாஸ்பெர்குக்குப் பூங்கொத்து கொடுத்தாள் என்பதையும் கலைஞர்களே நினைவுகூர்ந்திருக்கிறார்கள். பட்டினி கிடந்த ஊரில் பூ பறிக்க ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது.

(திரையில்: நியூயார்க், 8-எச் ஒலிப்பதிவுக் கூடம்.)

மூன்று வாரங்களுக்கு முன்பே, ஜூலை 19 அன்று, இதே சிம்பொனியை அமெரிக்கா கேட்டுவிட்டது. மைக்ரோஃபிலிமாகத் தெஹ்ரான், கெய்ரோ வழியே வந்து சேர்ந்த இசைக்குறிப்பை அமெரிக்காவில் முதலில் வாசிக்கும் உரிமைக்கு மூன்று பெரிய நடத்துநர்கள் போட்டியிட, டோஸ்கனினி வென்று என்பிசி வானொலியில் நடத்தினார். கேட்டவர்கள் லட்சக்கணக்கானோர். நேச நாட்டின் குரல் என்று நெகிழ்ந்தவர்கள் ஏராளம். ஆனால் அக்டோபரில், விமர்சகர் வெர்ஜில் தாம்சன், மந்தபுத்தியுள்ளவர்களுக்கும் கவனம் சிதறியவர்களுக்கும் எழுதப்பட்டதைப் போன்ற இசை இது என்ற பொருளில் கடுமையாக எழுதினார்.

அவருடைய எரிச்சலை முற்றிலும் ஒதுக்கிவிட முடியாது. முதல் பகுதியின் நடுவே, ஸ்நேர் முரசின் மாறாத தட்டலுக்கு மேல், சீட்டியடிப்பதைப் போன்ற ஓர் எளிய மெட்டு பன்னிரண்டு முறை வருகிறது. ஒவ்வொரு முறையும் கருவிகள் கூடி, கேட்கக் கேட்க அச்சம் தரும் பேரொலியாகிறது. அரங்கில் அதன் வலிமை முழுவதும், மெல்லிய ஒலிக்கும் பேரொலிக்கும் இடையிலான தொலைவில் இருக்கிறது. அக்கால வானொலியோ அந்தத் தொலைவைச் சுருக்கிவிடும்: மெல்லியது இரைச்சலில் அமிழாதபடி ஏற்றப்படும், வலியது ஒலிபரப்புக் கருவியின் எல்லையைத் தாண்டாதபடி இறக்கப்படும். அப்போது வளர்ச்சி தேய்ந்து, திரும்பத் திரும்ப வருவது மட்டுமே எஞ்சும். லெனின்கிராடின் காகிதத் தட்டில் ஒலி இன்னும் மெலிந்தே வந்திருக்கும். இருந்தும் அது அங்கே வேறு விதமாகக் கேட்டதற்கு, மாதக்கணக்கில் மெட்ரோனோமின் தட்டலைக் கேட்டே உயிரைக் காத்துக்கொண்ட காதுகள் அந்த முரசை வெறும் தாளமாக எடுத்துக்கொண்டிருக்க முடியாது என்பதே காரணம். இது என் ஊகம்தான்.

(இசை: அந்த மெட்டின் முதல் வரி, பியானோவில்.)

நியூயார்க்கில் அன்று கேட்டவர்களில் நாட்டை விட்டு வந்திருந்த ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்டோக்கும் ஒருவர். வியன்னாவின் கேளிக்கைப் பாட்டு ஒன்றைப் போல அந்த மெட்டு அவருக்குப் பட்டது என்று அவருடைய மகன் பிற்காலத்தில் எழுதினார். 1943-இல் பார்டோக் எழுதிய ‘இசைக்குழுவுக்கான கன்செர்ட்டோ’வின் நான்காம் பகுதியில், உருகும் மெட்டு ஒன்றை இடைமறித்து இதே சாயலில் ஒரு மெட்டு நுழைகிறது, குழலோசைகள் சிரிக்கின்றன, டிராம்போன்கள் வழுக்கி இறங்கி ஏளனம் செய்கின்றன. பாஸ்டனில் 1944 டிசம்பர் 1 அன்று அதை அரங்கேற்றியவர் செர்ஜி கூசெவிட்ஸ்கி. ஷோஸ்டகோவிச்சின் சிம்பொனிக்காக டோஸ்கனினியோடு போட்டியிட்டுத் தோற்றவர்களில் ஒருவர். அதே மாதம் 30-ஆம் தேதி அவருடைய குழு அதை மீண்டும் வாசித்தபோது, அந்த ஏளனமும் வானொலியில் ஒலிபரப்பாயிற்று.

(டிராம்போன்களின் ஒலி. திரை இருள்கிறது.)