முப்பது விநாடி மௌனம்

நேயர்களுக்கு வணக்கம்.

இந்த ஒலிவாங்கியின் முன்னால் உட்கார்ந்துகொண்டு நான் 30 விநாடி வாய் திறக்காமல் இருந்தால் என்ன ஆகும்? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் நண்பர் ஐந்தாவது விநாடியில் நிமிர்ந்து பார்ப்பார். பத்தாவதில் கையை ஆட்டுவார். பதினைந்தில் ஏதாவது ஒரு பாட்டைப் போட்டுவிடுவார். நீங்களும் அதற்குள் வானொலிப் பெட்டியின் தலையில் ஒரு தட்டு தட்டியிருப்பீர்கள். பேச வேண்டிய இடத்தில் பேசாமல் இருப்பதற்கு 30 விநாடி மிக நீளமான நேரம்.

2015ஆம் ஆண்டு பிப்ரவரி 1 அன்று, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கிளெண்டேல் நகரத்து மைதானத்தின் ஓரத்தில், பில் பெலிச்சிக் என்ற பயிற்சியாளர் அப்படித்தான் நின்றார். அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் அது. அவருடைய நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணி 28–24 என்று முன்னிலையில் இருந்தது. ஆனால் பந்து சியாட்டில் சீஹாக்ஸ் அணியிடம்; கோட்டைத் தொட ஒரே ஒரு கெஜம் பாக்கி. ஆட்டம் முடிய ஒரு நிமிடம். கடிகாரத்தை நிறுத்தும் உரிமை பெலிச்சிக்கிடம் இரண்டு முறைக்கு மீதம் இருந்தது. நடுவரைப் பார்த்து ஒரு சைகை காட்டினால் போதும். அவர் காட்டவில்லை. 50 ஆயிற்று, 40 ஆயிற்று, 30க்கும் கீழே இறங்கிற்று. நான் அப்போது நியூ ஜெர்சியில் வேலையில் இருந்தேன். நண்பர் வீட்டுக் கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். வீட்டுக்காரரின் அப்பா எழுந்து நின்றே விட்டார். “இந்த மனிதன் நின்றபடியே தூங்குகிறானா?” என்று தொலைக்காட்சியைக் கேட்டார்.

அந்த இரவைப் பற்றி உலகம் பேசியதெல்லாம் அடுத்து வந்த ஓர் எறிதலைப் பற்றி. நான் பேச வந்தது அதற்கு முந்திய மௌனத்தைப் பற்றி.

ஆட்டத்தின் கணக்கை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கால்பந்து என்று பெயர். காலுக்கு வேலை குறைவு. பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் இன்னும் நான்கு முயற்சி கிடைக்கும். எதிரணியின் கோட்டைத் தாண்டினால் டச்டவுன், 6 புள்ளி. மேலே ஒன்றை உதைத்துச் சேர்த்துக்கொள்ளலாம். தாண்ட முடியாது என்று தோன்றினால் கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து 3 புள்ளியோடு திருப்திப்படலாம். 15 நிமிடப் பகுதிகள் நான்கு. இவ்வளவுதான் ஆட்டம் என்று சொன்னால் அமெரிக்கர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். இன்றைக்கு நமக்கு இது போதும்.

இனிக் கடிகாரம். பந்தோடு ஓடுபவரை மைதானத்துக்குள் வீழ்த்தினால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். எறிந்த பந்து யார் கையிலும் சிக்காமல் தரையில் விழுந்தால் நின்றுவிடும். ஆட்டத்தின் கடைசி 5 நிமிடத்தில், ஓடுபவர் பக்கக் கோட்டைத் தாண்டி வெளியே போனாலும் நிற்கும். இவை தவிர ஒவ்வொரு பாதியிலும் ஒவ்வோர் அணிக்கும் மூன்று டைம் அவுட், அதாவது கேட்டுக் கடிகாரத்தை நிறுத்தும் உரிமை, உண்டு. ஒரு முயற்சி முடிந்து அடுத்ததைத் தொடங்க 40 விநாடி அவகாசம். முன்னிலையில் இருக்கும் அணி அந்த 40 விநாடியையும் சொட்டு விடாமல் குடிக்கும். பின்தங்கிய அணி பக்கக் கோட்டைத் தேடி ஓடும். நம் கபடியில், கடைசி நிமிடத்தில் முன்னிலை அணியின் வீரர் பாடிக்கொண்டே போய், யாரையும் தொடாமல், தமக்குரிய 30 விநாடியையும் தின்றுவிட்டுத் திரும்புகிறாரே, அதே புத்திதான்.

இந்தக் கணக்கின்படி, எதிரணியிடம் டைம் அவுட் தீர்ந்துவிட்டால், முன்னிலையில் இருப்பவர் ஆடவே வேண்டியதில்லை. குவார்ட்டர்பேக், அதாவது ஒவ்வொரு முயற்சியிலும் பந்தை முதலில் வாங்கி எறிபவர் அல்லது ஓடுபவரிடம் கொடுப்பவர், பந்தை வாங்கி ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றுவார். முயற்சி முடிந்தது; கடிகாரம் நிற்காது. இப்படி மூன்று முறை மண்டியிட்டால் ஏறக்குறைய 2 நிமிடம் காற்றில் போய்விடும். நியூ ஜெர்சியில் முதன்முதலாக இதைப் பார்த்தபோது, பாவம், அவருக்குக் காலில் அடிபட்டுவிட்டது என்றே நினைத்தேன். பணம் கொடுத்து டிக்கெட் வாங்கியவர்கள் இதற்கா கைதட்டுகிறார்கள் என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டேன். அவர் 1978ஆம் ஆண்டுக் கதையைச் சொன்னார்.

அந்த ஆண்டு நவம்பர் 19. அதே நியூ ஜெர்சியின் மெடோலாண்ட்ஸ் பகுதி மைதானம். நியூயார்க் ஜயன்ட்ஸ் 17, பிலடெல்பியா ஈகிள்ஸ் 12. ஆட்டம் முடிய அரை நிமிடம். பந்து ஜயன்ட்ஸிடம், ஈகிள்ஸிடம் டைம் அவுட் ஒன்றுகூடக் கிடையாது. குவார்ட்டர்பேக் ஜோ பிசார்சிக் மண்டியிட்டிருந்தால் எல்லாரும் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் அந்தக் காலத்தில் அது கௌரவக் குறைவு, கோழைத்தனம் என்ற எண்ணம் இருந்தது. பந்தை லாரி ஸோங்காவிடம் கொடு, அவர் முட்டி மோதி ஓடட்டும் என்று மேலிருந்து உத்தரவு வந்தது. கைமாறும் இடத்தில் பந்து நழுவி, ஸோங்காவின் மேல் இடித்து, தரையில் துள்ளியது. ஈகிள்ஸின் ஹெர்மன் எட்வர்ட்ஸ் அதைப் பொறுக்கிக்கொண்டு 26 கெஜம் ஓடிக் கோட்டைத் தாண்டினார். 19–17. வென்றுவிட்ட ஆட்டத்தை எடுத்து எதிரியின் கையில் கொடுத்தார்கள். அந்த உத்தரவைப் போட்ட உதவிப் பயிற்சியாளருக்கு மறுநாளே வேலை போயிற்று. அதற்குப் பிறகு மண்டியிடுவதில் யாருக்கும் வெட்கம் இருக்கவில்லை. அந்த நிலைக்கு வெற்றி வியூகம் என்று பெயரே வந்துவிட்டது. பந்து நழுவினால் பிடிக்க, வெகு பின்னால் ஒரு வீரரைக் காவலுக்கு நிறுத்துகிறார்கள்.

மறு ஆண்டு ஜயன்ட்ஸ் அணியில் பயிற்சியாளர்கள் மாறினார்கள். 1979இல் அங்கே வேலைக்குச் சேர்ந்த இளம் உதவியாளர்களில் ஒருவர் பெயர் பில் பெலிச்சிக்.

அந்தத் தழும்பைத் தினம் தினம் பார்த்து வேலை பழகியவர் அவர் என்பது என் ஊகம். ஆனால் கடிகாரத்தை அவர் எப்படிப் பார்த்தார் என்பதற்கு ஊகம் தேவையில்லை, 2012 பிப்ரவரி 5 இருக்கிறது. இண்டியானாபொலிஸ் நகரில் சூப்பர் பவுல். பெலிச்சிக்கின் பேட்ரியாட்ஸ் 17–15 என்று முன்னிலை. எதிரே அதே ஜயன்ட்ஸ், பேட்ரியாட்ஸ் கோட்டுக்கு 6 கெஜம் தள்ளிப் பந்தோடு நிற்கிறார்கள். அவர்கள் அவசரப்பட வேண்டியதில்லை. விநாடிகளைக் கரைத்துவிட்டுக் கடைசியில் ஒரு சின்ன உதை, 18–17. பேட்ரியாட்ஸுக்குப் பதில் சொல்ல நேரமே இருக்காது. பெலிச்சிக் தம் தடுப்பாளர்களிடம் சொன்னது: விடு, அவன் போகட்டும்.

ஜயன்ட்ஸின் அகமட் பிராட்ஷா பந்தோடு ஓடினார். எதிரே கதவு திறந்தாற்போல வழி விட்டது. கோட்டை நெருங்கும்போதுதான் அவருக்குப் புரிந்தது. கோட்டைத் தாண்டாதே என்று அவருடைய குவார்ட்டர்பேக் ஈலை மேனிங் கத்தினார். பிராட்ஷா நிற்கப் பார்த்தார், திரும்பினார், வந்த வேகம் விடவில்லை. கோட்டுக்கு அந்தப் பக்கம் பின்புறமாகப் போய் உட்கார்ந்தார். சூப்பர் பவுலை வெல்லும் டச்டவுனை வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே எடுத்த மனிதர்! பேட்ரியாட்ஸுக்கு 57 விநாடி கிடைத்தது. அது போதவில்லை, 21–17 என்று தோற்றார்கள். ஆனாலும் 57 விநாடி கிடைத்தது.

இப்போது 2015க்குத் திரும்புவோம். அதே பெலிச்சிக், எதிரணி கோட்டு வாசலில், கடிகாரம் ஓடுகிறது. முந்திய முறை போலவே நேரத்தை மிச்சம் பிடிப்பார் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். சியாட்டில் டச்டவுன் எடுக்கப்போவது உறுதி என்றால், கடிகாரத்தை உடனே நிறுத்தி, தம் குவார்ட்டர்பேக் டாம் பிரேடிக்கு ஐம்பது விநாடியாவது வாங்கித் தர வேண்டும். நண்பர் வீட்டுப் பெரியவர் கத்தியது இதற்காகத்தான்.

சியாட்டிலின் நிலைமையைப் பாருங்கள். அவர்களிடம் ஒரே ஒரு டைம் அவுட். மூன்று முயற்சிகள் மீதம். அணியில் மார்ஷான் லிஞ்ச் இருக்கிறார். மிருகம் என்று செல்லமாக அழைக்கப்பட்டவர், சற்று முன்தான் 4 கெஜத்தை உழுது முடித்திருந்தார். அவரிடம் கொடுத்தால் போதாதா? கூடம் முழுவதும் அதையே சொன்னது. அந்த சீசனில் ஒரு கெஜக் கோட்டில் லிஞ்சிடம் ஐந்து முறை பந்தைக் கொடுத்து ஒரு முறைதான் டச்டவுன் கிடைத்தது என்பது மறுநாள்தான் எங்களுக்குத் தெரிந்தது. சரி, ஓடவிட்டார்கள், வீழ்ந்தார் என்று வையுங்கள். கடிகாரம் ஓடும், இருக்கும் ஒரு டைம் அவுட்டைச் செலவழிக்க வேண்டும். இன்னொரு முறை ஓடி வீழ்ந்தால், மேலே குவிந்து கிடக்கும் ஆட்கள் எழுந்து வரிசை கட்டுவதற்குள் ஆட்டமே முடிந்துவிடலாம். மூன்று முயற்சியும் நிச்சயமாகக் கிடைக்க வேண்டுமானால், நடுவில் ஒரு முறையாவது பந்தை எறிய வேண்டும். பிடிபட்டால் வெற்றி, தரையில் விழுந்தால் கடிகாரம் இலவசமாக நிற்கும். எதிரி எதிர்பார்க்காத முதல் வாய்ப்பிலேயே எறிந்துவிடலாம் என்று சியாட்டில் பயிற்சியாளர் பீட் கரோல் நினைத்தார். அந்த சீசனில் அதுவரை ஒரு கெஜக் கோட்டிலிருந்து எறியப்பட்ட எந்தப் பந்தும் எதிராளி கையில் சிக்கியதில்லை.

இது கூட்டல் கழித்தல் தெரிந்தவரின் முடிவு. சூப்பர் பவுல் வரலாற்றிலேயே மடத்தனமான முடிவு என்று மறுநாள் எழுதியவர்களோடு நான் அன்றும் உடன்படவில்லை. என் புகார் வேறு. எறிவது சரி, எங்கே எறிவது? மூலைக்கு எறிந்திருந்தால் ஒன்று நம் ஆள் பிடிப்பார், இல்லாவிட்டால் வெளியே போகும். அவர்கள் தேர்ந்தெடுத்தது ஆள் நெரிசலுக்குள் குறுக்கே பாயும் எறிதல்.

பெலிச்சிக் டைம் அவுட் கேட்டிருந்தால் கரோலுக்கு இந்தச் சிக்கலே கிடையாது. 50க்கும் மேல் விநாடி இருந்திருக்கும். அமைதியாக யோசித்து, லிஞ்சை மூன்று முறையும் ஓடவிட்டிருக்கலாம். ஓடிக்கொண்டிருந்த கடிகாரம்தான் கரோலின் கழுத்தைப் பிடித்தது. எதிரணிப் பக்கம் ஏதோ சரியில்லை என்று தமக்குப் பட்டதாகப் பெலிச்சிக் பின்னாளில் சொன்னார். சியாட்டில் மூன்று பந்து பிடிப்பவர்களை இறக்குவதைப் பார்த்து, அவர் பக்கம் மூன்றாவது மூலைக்காவலராக ஒரு புதுப் பையன் அவசரமாக உள்ளே அனுப்பப்பட்டான். மால்கம் பட்லர். அணிகள் முறை வைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஆண்டுத் தேர்வில் எந்த அணியும் அழைக்காதவன். இதே எறிதலை அந்த வாரப் பயிற்சியில் தடுக்க முடியாமல் கோட்டை விட்டவன்.

26 விநாடி இருக்கும்போது பந்து சியாட்டில் குவார்ட்டர்பேக் ரஸ்ஸல் வில்சன் கைக்கு வந்தது. எறிந்தார். பட்லர் முந்திக்கொண்டு பாய்ந்து பிடித்தான். எங்கள் கூடத்தில் யாரும் கத்தவில்லை. பெரியவர் மெதுவாக உட்கார்ந்தார்.

ஒரு அங்குலம் தவறி அந்தப் பந்து சியாட்டில் வீரர் ரிகார்டோ லாக்கெட் கையில் சேர்ந்திருந்தால், பிரேடிக்கு இருபதே விநாடி மிஞ்சியிருக்கும். கரோலை அறிவாளி என்று கொண்டாடியிருப்போம். இரண்டு டைம் அவுட்டைப் பையில் போட்டுக்கொண்டு நின்ற பெலிச்சிக்கை இன்றுவரை வைதுகொண்டிருப்போம். நானே வைதிருப்பேன்.

ஆட்டம் அதோடு முடியவில்லை. 20 விநாடி பாக்கி, பந்து பேட்ரியாட்ஸிடம், மண்டியிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். முடியாது. பந்து கிடந்தது அவர்களுடைய சொந்தக் கோட்டுக்கு ஒரு கெஜம் முன்னால். பின்வாங்கி மண்டியிட்டால் முழங்கால் படுவது கோட்டுக்குப் பின்னால். எதிரணிக்கு 2 புள்ளி, பந்தும் போய்விடும். 28–26 ஆகிவிட்டால் ஒரே உதையில் சியாட்டில் வென்றுவிடலாம். பிரேடி பந்தை வாங்காமல் குரலை உயர்த்தி எண்களைக் கத்திக்கொண்டே இருந்தார். சியாட்டிலின் மைக்கேல் பென்னட்டுக்குப் பொறுமை போய்விட்டது. பந்து அசையும் முன்பே கோட்டைத் தாண்டிப் பாய்ந்தார். தண்டனை, 5 கெஜம். முழங்கால் ஊன்ற இடம் கிடைத்தது. பிரேடி பந்தை வாங்கி, புல்லில் மண்டியிட்டார்.

நன்றி. வணக்கம்.