எலும்பைத் திறந்தது எதற்காக?

புதுச்சேரி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கடலூர், புதுச்சேரி பக்கம் நர்சிங், பிசியோதெரபி, மைக்ரோபயாலஜி படித்த பிள்ளை இருக்கிற வீட்டில் மெடிக்கல் கோடிங் என்ற பேச்சு அடிபடாமல் இருக்காது. "கம்ப்யூட்டர்ல ஏதோ நம்பர் போடுற வேலையாம்" என்பார்கள். பாதி சரிதான். அமெரிக்க மருத்துவமனையில் நடந்த சிகிச்சையின் குறிப்புகளை இங்கே உட்கார்ந்து படித்து, நோய்க்கு ஒரு குறியீடு, செய்த சிகிச்சைக்கு ஒரு குறியீடு போட்டு அனுப்புகிறோம். அதைப் பார்த்துத்தான் அங்கே இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கொடுக்கும். நான் அந்த வேலையில் ஆடிட் பக்கம் இருப்பவள். மற்றவர்கள் குறியீடு போட்டு முடித்த சார்ட்டில், அதாவது நோயாளியின் சிகிச்சைக் குறிப்பில், குறை தேடுவது என் பிழைப்பு. அதிகமாகக் குறை கிடைக்கிற ஓர் ஆபரேஷனைப் பற்றி மட்டும் இன்று பேசுகிறேன்.

மூளையின் அழுத்தத்தைக் குறைக்கச் செய்யும் ஆபரேஷன் அது. வளர்ந்தவர்களின் மண்டையோடு விரிந்து கொடுக்காது. உள்ளே மூளை, ரத்தம், மூளையைச் சுற்றி ஓடும் நீர் மூன்றும் அளவோடு இருக்கின்றன. பைக்கிலிருந்து விழுந்து அடிபட்டோ, பெரிய பக்கவாதம் வந்தோ மூளை வீங்கினால் அதற்குப் போக இடமில்லை. சாதாரணமாக 15 மில்லிமீட்டர் பாதரசத்துக்குள் இருக்கிற அழுத்தம் 22-ஐத் தாண்டினால் மருந்து கொடுத்துக் குறைக்கப் பார்ப்பார்கள். கேட்காவிட்டால் மண்டையோட்டில் பெரிய துண்டை எடுத்துவிட்டு, மூளையுறையைத் திறந்து தளர்த்தி, மேலே தோலை மட்டும் மூடிவிடுவார்கள். டிகம்ப்ரெசிவ் கிரேனியெக்டமி என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான்.

இதற்கு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் குறியீட்டுப் புத்தகத்தில் எண் 61322. மூளையின் ஒரு மடலையும் வெட்டி எடுத்திருந்தால் 61323. இதுவரை சிக்கல் இல்லை. ஆனால் தலையின் அதே பக்கத்தில், அதே எலும்பைத் திறந்து, மூளையுறைக்கு மேலோ கீழோ தேங்கிய ரத்தக் கட்டியை எடுத்தால் அது 61312. கட்டி மூளைக்குள்ளேயே இருந்தால் 61313. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு எல்லாம் ஒரே மாதிரி தையல்தான். எலும்பை எதற்காகத் திறந்தார்கள், உள்ளே போய் என்ன செய்தார்கள் என்பதை வைத்துத்தான் எண் மாறுகிறது.

புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் 61322 போட்டிருந்த சார்ட்டைத் திருப்பி அனுப்பினேன். "அக்கா, தலைப்புலயே டிகம்ப்ரெசிவ்னு போட்டிருக்கே" என்று கேட்டாள். போட்டிருந்தது உண்மைதான். ஆனால் ஆப் நோட்டின், அதாவது சர்ஜன் எழுதும் ஆபரேஷன் குறிப்பின் நடுவில், மூளையுறைக்குக் கீழே கட்டியாக உறைந்திருந்த ரத்தத்தைக் கழுவி உறிஞ்சி எடுத்ததாக நான்கு வரி எழுதியிருந்தார் சர்ஜன். ஒரே திறப்பின் வழியாக இரண்டும் நடந்தால் பொதுவாக இரண்டுக்கும் தனித்தனியே பில் போட முடியாது. அப்படிப் போட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தர மறுத்து, டினையல் ஆகித் திரும்பி வரும். தலைப்பு என்பது சர்ஜன் அவசரத்தில் வைக்கிற பெயர். குறியீடு போட வேண்டியது உள்ளே இருக்கிற விவரத்துக்கு.

விவரம் தெளிவாக இல்லையென்றால் சர்ஜனுக்குக் க்வெரி, அதாவது விளக்கம் கேட்டுக் கேள்வி எழுதலாம். அதிலும் கட்டுப்பாடு உண்டு. "அழுத்தத்தைக் குறைக்கத்தானே செய்தீர்கள்?" என்று பதிலைக் கையில் கொடுத்துக் கேட்கக் கூடாது. "ஆபரேஷனின் நோக்கத்தைத் தெளிவுபடுத்துங்கள்" என்று மட்டும் கேட்கலாம்.

நோய்க் குறியீட்டிலும் இதே கதைதான். பக்கவாதத்தால் வந்த மூளை வீக்கம் என்றால் ஜி93.6. அடிபட்டதால் வந்த வீக்கம் என்றால் எஸ்06.1 என்று தொடங்கும் வேறு வரிசை. அதில் நோயாளி எவ்வளவு நேரம் நினைவில்லாமல் இருந்தார் என்பது வரை கேட்கும். 30 நிமிடமோ அதற்குள்ளோ என்றால் ஓர் எண், 31 முதல் 59 நிமிடம் என்றால் இன்னொன்று. ஆம்புலன்ஸ் சீட்டில் யாரோ கிறுக்கி வைத்த நேரம் அப்போது கைகொடுக்கும்.

எடுத்த எலும்பு எங்கே போகிறது? ஃப்ரீசரில் வைப்பார்கள், இல்லையென்றால் நோயாளியின் வயிற்றுத் தோலுக்கு அடியிலேயே பை போல இடம் செய்து வைத்துத் தைத்துவிடுவார்கள். வயிற்றில் வைத்தால் அதற்குத் துணைக் குறியீடாக 61316 சேர்க்கலாம். வீக்கம் வடிந்த பிறகு அதே எலும்பைத் திரும்பப் பொருத்தினால் 62143. அதற்காக வயிற்றிலிருந்து எடுத்ததற்குத் தனியாக 62148. எலும்பு கெட்டுப்போய் டைட்டானியம் மாதிரி ஏதாவது வைத்தால், ஓட்டை 5 செ.மீ. வரை 62140, அதற்கு மேல் 62141.

பணம் புரள்வது இங்கேதான். முதல் ஆபரேஷனுக்குப் பிறகு 90 நாள் வரை அதே டாக்டர் பார்க்கிற வழக்கமான தொடர் கவனிப்புக்குத் தனிக் காசு கிடையாது. அந்த 90 நாளுக்குள் எலும்பைத் திரும்ப வைத்தால், ஏற்கெனவே திட்டமிட்டது என்று காட்ட குறியீட்டோடு 58 என்ற மாடிஃபையர், அதாவது கூடுதல் விவரம் சொல்லும் துணை எண் போட வேண்டும். முழுப் பணமும் வரும், புதிதாக 90 நாள் கணக்கும் தொடங்கும். சிக்கலாகி எதிர்பாராமல் மறுபடி தியேட்டருக்குப் போனால் 78. அதற்கு ஆபரேஷன் நேரத்துப் பங்கு மட்டும்தான். எலும்பைப் பிறகு பொருத்துவோம் என்று முதல் குறிப்பிலேயே சர்ஜன் ஒரு வரி எழுதியிருந்தால் 58 போட யாரும் மறுக்க முடியாது.

இத்தனையையும் நிமிடக் கணக்கில் முடிக்கச் சொல்கிற டார்கெட் முறை நியூரோ சர்ஜரிக்குச் சரிப்படாது என்பது என் கட்சி. எண்களை மனப்பாடம் செய்ய வைக்கிற பயிற்சி மையங்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. மெடிக்கல் கோடிங் சான்றிதழுக்கான சி.பி.சி. தேர்வில் 100 கேள்வி, 4 மணி நேரம், புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம். மனப்பாடத்துக்கு அங்கே என்ன வேலை? மூளையுறை எது, அதற்கு மேல் எது, கீழ் எது என்று உடற்கூறியல் தெரிந்தால் போதும், எண்ணைத் தேடி எடுத்துவிடலாம்.

நம் ஊரில் இதே ஆபரேஷனுக்கு எல்லாம் சேர்த்து ஒரே தொகை என்கிற பேக்கேஜ் முறைதான் பெரும்பாலும். ஆனால் இங்கேயும் காகிதம்தான் பேசும். தமிழ்நாட்டின் இன்னுயிர் காப்போம் திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். தொடக்கத்தில் 81 சிகிச்சைகள், 1 லட்சம் ரூபாய் வரை என்று வைத்தார்கள். எந்த மாநிலத்தவராக இருந்தாலும் சரி, விபத்து தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்திருக்க வேண்டும். கடலூர் ரோட்டில் இது சின்ன விஷயமில்லை. ரெட்டிச்சாவடியில் விழுந்தால் தமிழ்நாடு, கிருமாம்பாக்கத்தில் விழுந்தால் புதுச்சேரி. அதனால் ஏஆர் காப்பியில், அதாவது மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலில், விபத்து நடந்த இடம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

சொந்த இன்சூரன்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. கேஷ்லெஸ் கோரிக்கைக்கு 1 மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் அனுமதிக்கு 3 மணி நேரத்திலும் கம்பெனி பதில் சொல்ல வேண்டும் என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் உத்தரவு போட்டிருக்கிறது. அப்புறம், வீட்டுக்குக் கிளம்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஆபரேஷன் குறிப்பின் நகலையும் கேட்டு வாங்குங்கள். எலும்பு வயிற்றில் இருக்கிறதா, ஃப்ரீசரில் இருக்கிறதா, எப்போது திரும்ப வைப்பார்கள் என்பது அதில் எழுதியிருக்கிறதா என்று டாக்டரிடமே கேளுங்கள். இரண்டாவது ஆபரேஷனை வேறு மருத்துவமனையில் செய்ய நேர்ந்தால் அங்கே முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

நன்றி, வணக்கம்.