சேர்த்து வைப்பதற்கு முன்

(மும்பை தாராவியில் தமிழ்ப் பெண்கள் குழுக்களின் தன்னார்வலர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

தாராவியில் ஒரு வீட்டில் கணவன் மனைவியை அடித்தால் பக்கத்து மூன்று வீட்டுக்கும் கேட்கும். மறுநாள் ஊர்ப் பெரியவர்கள் வருவார்கள். "இனிமே கை வைக்க மாட்டேன்" என்று அவன் தலையைக் குனிவான். "பிள்ளைங்க முகத்தைப் பாரும்மா" என்று அவளிடம் சொல்வார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால், அவனை எதிரே உட்காரவைத்துக்கொண்டு அவளைப் பேசச் சொன்னால், அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும் அன்று இரவு அடி விழும். அது தெரிந்துதான் அவள் பாதியைச் சொல்லிப் பாதியை விழுங்குகிறாள். அந்தப் பாதியை வைத்து நாம் தீர்ப்புச் சொல்கிறோம்.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, வன்முறைக்கு ஆளான பெண்களில் 100-க்கு 14 பேர்தான் உதவி தேடினார்கள். அப்படித் தேடி வந்தவளிடம் நாம் பேசும் முதல் பேச்சு சமரசமாக இருக்கக் கூடாது. உயிருக்கு ஆபத்து இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

தனியாக வைத்துக் கேளுங்கள். மாமியார் மட்டுமல்ல, விவரம் தெரிந்த குழந்தையும் பக்கத்தில் வேண்டாம். குழந்தையை மிரட்டி விஷயத்தைக் கறந்துவிடுவார்கள். "ஏன் அடிச்சாரு?" என்று கேட்டால் பழி அவள்மேல் திரும்பும். "அடி முன்னைவிட அதிகமாகுதா? கொன்னுடுவேன்னு மிரட்டினாரா? கத்தியோ மண்ணெண்ணெயோ எடுத்தாரா? மாசமா இருக்கும்போது அடிச்சாரா? கழுத்தை நெரிச்சாரா?" என்று கேளுங்கள்.

கடைசிக் கேள்வியை எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். கழுத்தை நெரித்த தடம் வெளியே தெரியாமலே போகலாம். குரல் கம்முவது, எச்சில் விழுங்கினால் வலிப்பது, கண் வெள்ளையில் சிவப்புப் புள்ளிகள், நினைவு தப்பியது, தன்னையறியாமல் சிறுநீர் போனது, இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கழுத்து ரத்தக்குழாய் சேதமாகியிருந்தால் சில நாள் கழித்துக்கூடப் பக்கவாதம் வரலாம். ஒருமுறை கழுத்தில் கை வைத்தவனால் அந்தப் பெண் பின்னால் கொல்லப்படும் ஆபத்து ஏழு மடங்கு அதிகம் என்று 2008-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது.

சயான் ஆஸ்பத்திரியில் "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொன்னால் கேஸ் பேப்பரில் அதுதான் ஏறும். பின்னால் கோர்ட்டில் அந்தத் தாளே அவளுக்கு எதிராக நிற்கும். யார், எதால், எப்போது அடித்தார் என்பதை டாக்டரிடம் சொல்லி, எம்.எல்.சி. (போலீசுக்குத் தெரிவிக்கப்படும் மருத்துவ-சட்ட வழக்கு) என்று பதியச் சொல்லுங்கள். புகார் கொடுக்கவில்லை என்பதற்காகச் சிகிச்சையை மறுக்கக் கூடாது. பாந்திரா பாபா மருத்துவமனையில் தொடங்கிய திலாசா மையத்தைப் போல, ஆஸ்பத்திரிக்குள்ளேயே ஆலோசனை தரும் மையங்கள் இந்த நகரில் இருக்கின்றன. நேராக அங்கே கூட்டிப் போங்கள்.

போலீஸ் ஸ்டேஷனில் பெரும்பாலும் ஒரு என்.சி., அதாவது போலீஸ் தானாக விசாரிக்க முடியாத குற்றம் என்ற பதிவு, எழுதிக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் என்.சி.மேல் விசாரணை நடக்காது. கணவனோ அவன் உறவினரோ செய்யும் கொடுமைக்கு, அவளோ அவளுடைய பெற்றோர், உடன்பிறந்தாரோ புகார் தந்தால், எஃப்.ஐ.ஆர். போட்டாக வேண்டும். இந்தக் கொடுமைக்கான, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-ஆம் பிரிவாகியிருக்கிறது.

ஆனால் பலர் கேட்பது ஜெயில் அல்ல. அடி நிற்க வேண்டும், இருக்கும் வீடு பறிபோகக் கூடாது, அவ்வளவுதான். அதற்கென்றே வந்தது 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். இந்தச் சட்டத்தின்கீழ் அரசு நியமிக்கும் பாதுகாப்பு அதிகாரியிடம் பக்கத்து வீட்டுக்காரர்கூடத் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தோடு சொன்னால் அவர்மேல் வழக்கு வராது. அதிகாரி சம்பவ அறிக்கை தயாரிப்பார். பிறகு 12-ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் மனு. வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் சட்ட உதவி எண்ணான 15100-ஐ அழையுங்கள். இலவசச் சட்ட உதவி பெறப் பெண்ணுக்கு வருமான வரம்பு கிடையாது.

மனுவை 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் வாய்தா மேல் வாய்தா. எனவே முதல் நாளே பிரமாணப் பத்திரம் வைத்து 23-ஆம் பிரிவில் இடைக்கால ஆணை கேளுங்கள். வீடு மாமனார் பேரில் இருக்கிறது என்று மிரட்டினால் பயப்பட வேண்டாம்: குடும்பமாக வாழ்ந்த வீடு மாமனாருடையதாக இருந்தாலும் அங்கே தங்கும் உரிமையைக் கோரலாம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாமியாரை எதிர்மனுதாரராகச் சேர்க்கலாம். ஆனால் ஒரு பெண்ணை வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லி ஆணை கிடைக்காது. அவளைத் திருநெல்வேலிக்கு ரயில் ஏற்றிவிட்டால்? அவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே மனுப் போடலாம்.

பத்துக்குப் பத்து அறையில் குழந்தை பார்க்காத அடி இல்லை. ஏழு வயதுப் பையன் மறுபடி படுக்கையை நனைக்கிறான். பெரியவள் பள்ளிக்கூடம் போக மறுக்கிறாள். தான் இல்லாதபோது அம்மாவுக்கு என்ன ஆகுமோ என்ற பயம். சிலர் நடுவில் பாய்ந்து தாங்களும் அடிபடுகிறார்கள். "அப்பா அடிச்சா உள்ளே வராதே, பக்கத்து வீட்டு அத்தைகிட்ட ஓடு, 112-க்கு போன் பண்ணச் சொல்லு" என்று சொல்லிக்கொடுங்கள். அம்மாவைக் காப்பாற்றும் பொறுப்பைப் பிள்ளையின் தலையில் ஏற்றாதீர்கள்.

"விட்டுட்டு வந்துடும்மா" என்று அவசரப்படுத்தவும் வேண்டாம். பிரியப்போகிறாள் என்று அவனுக்குத் தெரியும் நேரம்தான் மிக ஆபத்தானது. ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், பிள்ளைகளின் பிறப்புச் சான்று ஆகியவற்றின் நகல்கள் முன்கூட்டியே நம்பிக்கையான இடத்துக்குப் போய்விட வேண்டும். அவள் வாட்ஸப் அவன் கருவியிலும் திறந்திருக்கிறதா என்று 'லிங்க்டு டிவைசஸ்' பகுதியில் பாருங்கள். கிளம்பும் நாளைத் தீர்மானிப்பது அவள்தான். மூன்று முறை திரும்பிப் போனாலும் நான்காவது முறை நம் கதவு திறக்க வேண்டும்.

அவளை அடிக்கவோ நெருங்கவோ கூடாது என்று கோர்ட் தரும் பாதுகாப்பு ஆணை கிடைத்ததும் ஒரு நகல் ஸ்டேஷனுக்குப் போய்விட்டதா என்று நேரில் சரிபாருங்கள். நகலை இலவசமாகவே தர வேண்டும். ஆணையை மீறி அவன் வாசலில் வந்து நின்றால், அது ஓராண்டுவரை சிறையோ 20,000 ரூபாய்வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கத்தக்க, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம். அன்றைக்கும் ஸ்டேஷனில் என்.சி. தாளை நீட்டினால் வாங்கிக்கொண்டு திரும்பி வராதீர்கள். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 31-ஆம் பிரிவில் வழக்குப் பதியச் சொல்லி, எஃப்.ஐ.ஆர். நகலைக் கையில் வாங்கிய பிறகு அவளை வீட்டுக்குக் கூட்டி வாருங்கள்.