ஏழைக்கு எதற்குத் தத்துவம்?

நேயர்களுக்கு வணக்கம்.

வயிற்றுப்பாட்டுக்கே வழியில்லாதவருக்கு எதற்குத் தத்துவம்? வயது வந்தோர் கல்வியைப் பற்றி எங்கே பேசினாலும் இந்தக் கேள்விதான் முதலில் வரும். நல்ல மனசோடுதான் கேட்கிறார்கள். தையல் சொல்லிக்கொடுங்கள், கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுங்கள், பிழைப்புக்கு ஆகும் என்கிறார்கள். தொழிற்பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அதையும் கொடுக்க வேண்டும். ஆனால் வசதியான வீட்டுப் பிள்ளை கவிதை படித்தால் ஆர்வம் என்கிறோம்; வீட்டு வேலை செய்து பிழைக்கும் அம்மா கவிதை படித்தால் என்ன பிரயோஜனம் என்கிறோம். இது என் மனதை வெகுகாலமாக உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஏர்ல் ஷோரிஸ் என்று ஓர் அமெரிக்க எழுத்தாளர். வறுமையைப் பற்றிப் புத்தகம் எழுதுவதற்காக ஊர் ஊராகப் போய் ஏழை மக்களிடம் பேசிக்கொண்டிருந்தவர். நியூயார்க் மாநிலத்தில், பலத்த காவல் உள்ள பெண்கள் சிறை ஒன்றில் ஒரு கைதியிடம் கேட்கிறார்: மக்கள் ஏன் ஏழைகளாகவே இருக்கிறார்கள்? வேலையில்லை, காசில்லை என்று அந்தப் பெண் சொல்லவில்லை. பிள்ளைகளிடமிருந்து தொடங்குங்கள் என்கிறார். நாடகத்துக்கும் அருங்காட்சியகத்துக்கும் கச்சேரிக்கும் சொற்பொழிவுக்கும் கூட்டிக்கொண்டு போங்கள் என்கிறார். சிறைக்குள்ளேயே பிளேட்டோவைப் படித்தவர் அவர்.

அந்தப் பதிலை ஷோரிஸ் பெரியவர்களிடமே செய்து பார்க்கத் துணிந்தார். 1995-ல், மன்ஹாட்டனின் லோயர் ஈஸ்ட் சைடு பகுதியில், ராபர்ட்டோ கிளெமென்ட்டி பெயரில் இருந்த ஒரு குடும்ப ஆலோசனை மையத்தில் வகுப்பு தொடங்கியது. (கிளெமென்ட்டி போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த பேஸ்பால் வீரர். 1972 கடைசியில், நிகராகுவா பூகம்பத்தில் தவித்தவர்களுக்கு நிவாரணப் பொருள் கொண்டுபோகும்போது விமானம் கடலில் விழுந்து இறந்தவர்.) செவ்வாய், வியாழன் மாலை ஆறு மணியிலிருந்து ஏழரை வரை வகுப்பு. அறநெறித் தத்துவம், இலக்கியம், அமெரிக்க வரலாறு, கலை வரலாறு, தர்க்கம். சேருவதற்கு என்ன தகுதி? வயது 18-லிருந்து 35-க்குள், வருமானம் வறுமைக்கோட்டின் ஒன்றரை மடங்குக்குள், ஒரு செய்தித்தாளைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

சேர வந்தவர்களிடம் ஷோரிஸ் சுற்றி வளைக்காமல் பேசினார். உங்களை ஏமாற்றிவிட்டார்கள், பணக்காரர்கள் இதையெல்லாம் படிக்கிறார்கள், உங்களுக்கு யாரும் கொடுக்கவில்லை என்றார். கொடுத்ததும் மிச்சம் மீதி அல்ல. கலை வரலாறு எடுத்தவர் நியூயார்க் டைம்ஸில் எழுதிய கலை விமர்சகர் கிரேஸ் க்ளூக். வகுப்புக்கு வந்து போக ரயில் டோக்கனும் கொடுத்தார்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். கட்டணம் இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டால் அது இலவசக் கல்வி ஆகிவிடாது. வந்து போகும் செலவு யார் தலையில்?

இப்போது எனக்கு மிகவும் பிடித்த கதை. அந்த முதல் வகுப்பில் ஓர் இளைஞர், இருபது இருபத்தைந்து வயது இருக்கும். ஒரு சனிக்கிழமை ஷோரிஸுக்குப் போன் செய்கிறார். வேலை செய்யும் இடத்தில் ஒரு பிரச்சினை, சார். கூட வேலை பார்க்கும் ஒரு பெண் என்னவோ சொல்லியிருக்கிறார், இவர் பதிலுக்கு ஒன்று சொல்லியிருக்கிறார், அந்தப் பெண் மேலதிகாரியிடம் போய்ச் சொல்ல, இவரைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அவளைச் சுவரோடு சேர்த்து அறையலாம் போல இருந்தது, சார் என்கிறார். மனசு ஆறட்டும் என்று நண்பர்களைத் தேடியிருக்கிறார், ஒருத்தரும் அகப்படவில்லை. ஷோரிஸுக்கு அடிவயிறு கலங்குகிறது. காவல் நிலையத்திலிருந்து பேசுகிறாரோ? சரி, என்னதான் செய்தீர்கள் என்று கேட்கிறார். அதற்கு அந்த இளைஞர் சொல்கிறார்: "இந்த இடத்தில் சாக்ரடீஸ் இருந்தால் என்ன செய்வார் என்று யோசித்தேன், சார்."

கோபம் வந்ததற்கும் கை ஓங்குவதற்கும் நடுவில் ஒரு கணம் அவருக்குக் கிடைத்திருக்கிறது, பாருங்கள். வாடகை, கடன், போலீஸ், வேலை போகும் பயம் எல்லாம் நாலு பக்கமும் நெருக்கும்போது மனிதர் யோசிப்பதில்லை, எதிர்வினைதான் காட்டுகிறார் என்பது ஷோரிஸின் வாதம். நின்று யோசிக்கப் பழகியவர் பிறகு ஊர்க் காரியத்திலும் வாய் திறப்பார். முதல் வகுப்பை முடித்தவர்களில் பெரும்பாலோர் அடுத்த ஆண்டே கல்லூரியிலோ நர்சிங் படிப்பிலோ இருந்தார்கள். ஒரு பெண்ணுக்கு மட்டும் வேலை போயிற்று. உணவகத்தில் தொழிற்சங்கம் தொடங்கப் பார்த்ததற்காக!

நானும் மாலை நேரத்தில் ஒரு சிறு வாசிப்பு வகுப்பு நடத்துகிறேன். அங்கே ஒருமுறை ஆண்டிகனி என்ற பழைய கிரேக்க நாடகம் படித்தோம். அரசன் தடுத்தும் அண்ணனின் பிணத்தை அடக்கம் செய்யும் பெண்ணின் கதை. எல்லாரும் ஆண்டிகனி பக்கம். அலுவலகங்களைக் கூட்டிப் பெருக்கும் வேலை பார்க்கும் ஓர் அம்மா மட்டும் அவள் தங்கை இஸ்மினி பக்கம். "செத்தவங்களுக்காக அவ சாகப் போறா. உயிரோட இருக்கறவங்களை யாருங்க பாக்கறது?" என்றார். வகுப்பு ரெண்டு பட்டது. அடுத்த வாரம் அவரே வந்து, "இஸ்மினி பயந்தது சரிதான். ஆனா ரகசியமா செய்யின்னு அக்காகிட்ட சொன்னா பாருங்க, அதுதான் எனக்குப் பிடிக்கலை" என்றார். ஒரு வாரம் முழுக்க, கையில் துடைப்பத்தோடு, அந்த ஒரு வரியை அவர் மனதில் புரட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். பிரயோஜனம் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

நேரம் நெருங்கிவிட்டது என்று சைகை வருகிறது. சொல்ல நினைத்த வரலாற்றை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். இது நேற்று முளைத்த யோசனை இல்லை. லண்டனில் உழைக்கும் ஆண்களுக்கான கல்லூரி 1854-லேயே வந்தது. 1908-ல் டானி என்ற பொருளாதார வரலாற்று அறிஞர் ராச்டேல், லாங்டன் தொழில் நகரங்களுக்கே போய்த் தொழிலாளர்களுக்கு வகுப்பு எடுத்தார். ஷோரிஸ் வழியில் கனடாவின் வான்கூவரில், ஆஸ்திரேலியாவில், தென்கொரியாவில் வீடற்றவர்களுக்குக்கூட வகுப்புகள் வந்தன.

ஒன்றை மட்டும் விட்டுவிடக் கூடாது. அந்த முதல் வகுப்பில் சேர்ந்தது முப்பது பேருக்குச் சற்று மேல். முடித்தவர்கள் ஏறக்குறைய பாதி. நோய், கர்ப்பம், புதிதாகக் கிடைத்த வேலை, இப்படித்தான் நின்றார்கள். பாடம் கடினம் என்று நின்றவர்கள் அல்ல. பின்னால் தொடங்கிய பல வகுப்புகளில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளவும் ஏற்பாடு செய்தார்கள். உங்களில் யாராவது இப்படி ஒரு வகுப்பு தொடங்க நினைத்தால், எந்தப் புத்தகம் என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம். அந்த ஒன்றரை மணி நேரம் குழந்தைகள் யாரிடம் இருப்பார்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

நன்றி, வணக்கம்.