ஒரு நாளுக்கு ஒரு திசை

(கடலோரக் கிராமங்களில் வீட்டு அறைகளை விருந்தாளிகளுக்கு விடத் தொடங்கியிருப்பவர்களின் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். அறையை எப்படி வைத்துக்கொள்வது, வாடகை எவ்வளவு சொல்வது என்பதையெல்லாம் எனக்கு முன்னால் பேசியவர்கள் நன்றாகச் சொல்லிவிட்டார்கள். விருந்தாளி இட்லி சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே ஒரு கேள்வி கேட்பார்: "இங்கே பக்கத்தில் என்னம்மா பார்க்கலாம்?" அதற்கு நாம் என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதைத்தான் நான் பேசப்போகிறேன்.

என் வீடு தரங்கம்பாடிக்குப் பக்கத்தில், கடலோரம். மாடியில் இரண்டு அறை. முதல் வருடம் அந்தக் கேள்விக்கு ஒரு நீளமான பட்டியல் வைத்திருந்தேன். ஒரு சித்திரை மாதம், அறுபதைத் தாண்டிய கணவன் மனைவி இருவர் வந்தார்கள். பூம்புகார், திருக்கடையூர், திருநள்ளாறு, நாகூர், வேளாங்கண்ணி என்று ஐந்தையும் ஒரே நாளில் எழுதிக் கொடுத்து, காரும் பேசி அனுப்பினேன். திருக்கடையூருக்கு அவர்கள் போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டே முக்கால். நடை சாத்திவிட்டார்கள். நான்கு மணிக்குத் திறக்கும்வரை அந்த வெயிலில் ஒரு பூக்கடைப் பலகையில் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டம். இரவு பதினொரு மணிக்கு வீடு வந்தார்கள். மறுநாள் காலை அந்த அம்மாவிடம் எது பிடித்தது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எது எந்த ஊர் என்றே குழம்பிவிட்டதம்மா" என்றார். என்மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. இன்றைக்கும் அது எனக்கு உறுத்துகிறது. ஊர்களைச் சொல்லிவிட்ட நான் நேரத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

அன்று முதல் என் வீட்டில் ஒரே வழக்கம்தான். ஒரு நாளுக்கு ஒரு திசை. வடக்கே போனால் வடக்கு மட்டும், தெற்கே போனால் தெற்கு மட்டும். வந்த மறுநாள் எங்குமே வண்டியில் போகக் கூடாது, நடைதான்.

அந்த நடையை முதலில் சொல்கிறேன். விடியும்போது படகுகள் கரைக்கு வரும். மணலில் மீனைக் கொட்டி ஏலம் நடக்கும். விலை கேட்கும் குரல், கூடையோடு நிற்கும் பெண்கள், ஐஸ் பெட்டி எல்லாவற்றையும் விருந்தாளி பார்க்கட்டும். ஆனால் ஒன்று, கேட்காமல் யாரையும் படம் எடுக்கக் கூடாது என்று கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரைக்குக் கேமராவோடு வந்தவர்கள் ஏராளம். பிள்ளையைப் பறிகொடுத்து உட்கார்ந்திருந்த தாயையும் படம் எடுத்தார்கள். எங்கள் மக்கள் அதை மறக்கவில்லை. சும்மா நின்று வணக்கம் சொல்லிப் பேசினால், மீன் பெயரிலிருந்து காற்றின் பெயர்வரை அவர்களே சொல்லித் தருவார்கள்.

அங்கிருந்து டேனிஷ் கோட்டை. 1620-இல் ஓவே கெத்தே என்ற டென்மார்க் கப்பல் தலைவர் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்து கட்டத் தொடங்கியது. கண்டி அரசரோடு வியாபாரம் பேசத்தான் அவர்கள் இலங்கைக்கு வந்தார்கள். அது கைகூடாமல் இந்தப் பக்கம் திரும்பினார்கள். ரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசருக்குத் தங்க ஏட்டில் எழுதி அனுப்பிய கடிதம் தமிழில் இருக்கிறது, கையெழுத்து மட்டும் தெலுங்கில். அது இன்றும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. கோட்டை மதிலில் சாய்ந்து நின்று இதைச் சொல்லிப் பாருங்கள், கேட்பவர் முகமே மாறும். 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டு டேனிஷ்காரர்கள் போய்விட்டார்கள்.

ராஜா வீதியில் ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு 1718-இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் இருக்கிறது. அவர் 1706-இல் இங்கே இறங்கியபோது ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. ஒரு வயதான வாத்தியாரிடம் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித்தான் எழுத்துப் படித்தார். பத்து வருடத்துக்குள் இதே ஊரில் அச்சகம் வைத்து, 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். ஒருமுறை வெளியூரிலிருந்து வந்த ஒரு சிறுமி, ஆங்கிலப் பள்ளியில் படிப்பவள், இந்தக் கதையைக் கேட்டுவிட்டு நேரே கடற்கரைக்கு ஓடினாள். ஈர மணலில் பெரிதாக 'அ' எழுதினாள். சுழி மாறிப் போயிருந்தது. அவளுடைய பாட்டி குனிந்து கையைப் பிடித்துத் திருத்தினார். அலை வந்து அழிக்க அழிக்க ஒன்பது பத்து முறை எழுதினார்கள். அன்றைக்கு அவர்கள் வேறு எதுவும் பார்க்கவில்லை.

கடைசியாகக் கடலை ஒட்டி மாசிலாமணிநாதர் கோயில். குலசேகர பாண்டியன் காலத்தது, 1306. அதன் ஒரு பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. அங்கே வெறுமனே நின்றாலே போதும். அலையடிக்கும் பாறைப் பக்கம் குளிக்க இறங்க வேண்டாம் என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். மேலே பார்க்க அமைதியாக இருக்கும், உள்ளே நீரோட்டம் இழுக்கும்.

சரி, வடக்கு. காலை ஆறரைக்குக் கிளம்பச் சொல்லுங்கள். முதலில் திருக்கடையூர், பத்து கிலோமீட்டர்கூட இருக்காது. மார்க்கண்டேயனுக்காகச் சிவன் எமனை உதைத்த தலம் என்பதால் அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் செய்ய எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். விடிந்ததும் பிரகாரம் முழுக்க மாலையும் கழுத்துமாகத் தாத்தா பாட்டிகள். பேரப்பிள்ளைகள் அட்சதை போட, பாட்டி வெட்கப்படுவதைப் பார்க்க வேண்டும். சாமி கும்பிடாதவர்களும் அங்கே நின்றுவிடுவார்கள்.

அங்கிருந்து பூம்புகார். இங்கேதான் நாம் விருந்தாளியை முன்கூட்டியே தயார்செய்ய வேண்டும். சோழர்களின் துறைமுகம், கண்ணகி பிறந்த ஊர் என்று படித்துவிட்டு வருகிறவர், சங்கமத்தில் நின்று "இதுவா காவிரி?" என்று கேட்பார். குறுகலான வாய்க்கால் மாதிரிதான் இருக்கும். பல பேர் ஏமாந்து திரும்பியிருக்கிறார்கள். அவர்களிடம் நான் இப்படிச் சொல்வேன்: முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது, கல்லணையில் வெண்ணாறும் கல்லணைக் கால்வாயும் பிரிகின்றன, அதற்குக் கீழே குடமுருட்டி, அரசலாறு என்று பிரிந்துகொண்டே வருகிறது. போகிற வழியெல்லாம் வயலுக்குக் கொடுத்துக் கொடுத்து, மிச்சம் இருக்கிற காவிரிதான் இங்கே கடலில் சேர்கிறது. நீங்கள் வரும் வழியில் தாண்டிய பாலங்களுக்குக் கீழே ஓடியதும், நேற்று என் வீட்டில் சாப்பிட்ட சோறும் அதே காவிரிதான். இதைக் கேட்ட பிறகு அந்தச் சின்ன ஓடையை அவர்கள் பார்க்கும் விதமே வேறு. ஆடிப் பெருக்குச் சமயம் என்றால், புதுப்பெண்கள் தாலிக்கயிறு மாற்றிக்கொள்ள வருவதையும் பார்க்கலாம்.

பக்கத்தில் கீழையூரில் தோண்டியபோது செங்கல்லால் கட்டிய படகுத்துறை கிடைத்தது. படகு கட்டுவதற்கு நட்ட மரக்கம்பங்கள்கூட இருந்தன. கி.மு. மூன்றாம் நூற்றாண்டு என்று கணித்திருக்கிறார்கள். காலையில் நம் கரையில் படகு கட்டியதைப் பார்த்தவருக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடச் சொல்லுங்கள். நெத்திலிக் குழம்பும் சோறும், அப்புறம் தூக்கம்.

தெற்குத் திசைக்கு மதியம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால்தான் சரியாக வரும். முதலில் தில்லையாடி. தென்னாப்பிரிக்காவில் காந்தியின் போராட்டத்தில் சிறை சென்று, நோயோடு வெளியே வந்து, 1914-இல் பதினாறு வயதில் இறந்த வள்ளியம்மையின் பெற்றோர் ஊர். காந்தியே 1915-இல் வந்து போயிருக்கிறார். கால் மணி நேரம் போதும், ஆனால் விட்டுவிடாதீர்கள். பிறகு காரைக்காலில் அம்மையார் கோயில். ஆனி மாதம் மாங்கனித் திருவிழா என்றால் அன்று முழுவதும் அங்கேயே இருக்கட்டும். மாடியிலிருந்து மாம்பழங்களை இறைப்பார்கள், கீழே ஊரே கையேந்தி நிற்கும். சாயங்காலம் நாகூர். தர்காவின் ஐந்து மினாராக்களில் உயரமானதைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். விளக்குப் போட்ட பிறகு பார்க்க வேண்டும். திருநள்ளாற்றுக்குச் சனிக்கிழமை அனுப்பாதீர்கள், நேர்த்திக்கடன் இருந்தால் தவிர. வேளாங்கண்ணிக்கு ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை திருவிழா. காவி உடுத்தி நடந்து வரும் மக்களால் சாலையே நிறைந்திருக்கும். அந்த நாட்களில் இரவு நேரக் கார்ப் பயணம் வேண்டவே வேண்டாம். நடப்பவர்களுக்கு நம் வாசலில் ஒரு குடம் தண்ணீர் வையுங்கள்.

கோடியக்கரைக்கு ஒரு முழு நாள் வேண்டும், அதுவும் கார்த்திகை முதல் தை வரைதான் அனுப்புவேன். பூநாரைகள் வருகிற காலம் அது. வெளிமான்கள் எப்போதும் உண்டு. விடியற்காலை நான்கரைக்கே கிளம்ப வேண்டும். கையில் புளிசாதம் கட்டிக் கொடுத்துவிடுவேன். வழியில் வேதாரண்யம் உப்பளங்கள். 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து வந்து உப்பெடுத்த இடம், அகஸ்தியம்பள்ளி. திரும்பும்போது ஒரு பொட்டலம் உப்பு வாங்கி வருவார்கள். அதைப் போட்டே மறுநாள் சமைப்பேன்.

இன்னும் இரண்டே விஷயம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் போகாது. பெரிய மீன் கிடைக்காது என்று அறை கேட்கும்போதே சொல்லிவிடுங்கள், சாப்பாட்டு நேரத்தில் சொல்லாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் புயலும் வரும். அப்படி வந்தால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "தை மாதம் வாங்க" என்று சொல்லுங்கள். நான் அப்படிச் சொன்னவர்களில் அநேகம் பேர் வந்தார்கள்.

அந்தச் சித்திரை மாதத்துத் தம்பதியைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். போன தை மாதம் நானே போன் செய்து கூப்பிட்டேன். வந்தார்கள். ஏழு மணிக்குத் திருக்கடையூரில் நடை திறந்திருந்தது. பத்தரைக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அந்த அம்மா என் சமையலறையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, எனக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டே அங்கே பார்த்த ஒவ்வொரு கல்யாணத்தையும் விவரமாகச் சொன்னார்.